போரை எதிர்த்து எழுந்து நின்ற போதகர்: ஜே. எஸ். உட்ஸ்வொர்த்

1939 செப்டம்பரில் ஜெர்மனிமீது போர் தொடுக்கக் கனடா நாடாளுமன்றம் முடிவெடுத்தபோது, முன்னாள் பாதிரியார் ஒருவர் மட்டும் விடாப்பிடியாக எதிர்த்து நின்றாராமே, அவர் யார், ஹிட்லரோடு சண்டை வேண்டாம் என்றவரை அந்த நாடு ஏன் இன்னும் மரியாதையோடு நினைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர் பெயர் ஜேம்ஸ் ஷேவர் உட்ஸ்வொர்த். மெதடிஸ்ட் சபையின் போதகராக இருந்தவர். கனடாவில் முதியோர் ஓய்வூதியம் சட்டமாவதற்கு முதல் காரணம் அவர்தான். அந்த நாட்டின் முதல் பெரிய சோஷலிசக் கட்சிக்கும் அவரே தலைவர். பெரும்பாலானவர்கள் ஓய்வூதியம் கொண்டுவந்த உட்ஸ்வொர்த்தை ஏற்றுக்கொண்டு, போரை மறுத்த உட்ஸ்வொர்த்தை 'நல்ல மனிதரின் பிடிவாதம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிப் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அதை விளக்க அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

1874 ஜூலை 29 அன்று டொரன்டோவுக்குப் பக்கத்தில் எட்டோபிகோவில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். இன்று டொரன்டோ மாநகரத்துக்குள் அடங்கிவிட்ட பகுதி அது. அங்கே வாழும் தமிழர்களுக்கும் பழகிய பெயர். தந்தையும் மெதடிஸ்ட் போதகர். 1880களில் குடும்பம் மேற்கே மனிடோபாவுக்குப் போனது. தந்தை பின்னாளில் மேற்குக் கனடா முழுவதற்குமான மெதடிஸ்ட் ஊழியங்களின் கண்காணிப்பாளரானார். புல்வெளி மாகாணங்களில் அப்போதுதான் ரயில் பாதை போட்டு ஊர்கள் முளைத்துக்கொண்டிருந்தன. மூத்த மகன் தந்தை வழியில் ஊழியத்துக்கு வந்ததில் வியப்பில்லை.

மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக்கில் பட்டம் பெற்று, கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்து, டொரன்டோவில் இறையியல் படித்து, 1899இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். புத்தகப் படிப்பைவிட அங்கே அவரை உலுக்கியவை வேறு இரண்டு. கிழக்கு லண்டனின் சேரிகளில், கேனிங் டவுனில் இருந்த மான்ஸ்ஃபீல்ட் இல்லம் என்ற சேவை மையத்தில் தங்கி, உலகின் பணக்காரத் தலைநகரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார். அதே நேரம் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. தேவாலயங்களும் பத்திரிகைகளும் பேரரசின் வெற்றிக்காக முழங்குவதை அருகிலிருந்து கேட்டார். சேரிக்குச் செலவழிக்கக் காசில்லாத அரசுக்குப் போருக்கு மட்டும் எங்கிருந்தோ பணம் வந்தது. அவருடைய அரசியல் இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

ஊருக்குத் திரும்பி வின்னிபெக்கின் வசதியான கிரேஸ் தேவாலயத்தில் உதவிப் போதகரானார். நல்ல பதவி, நல்ல சபை. ஆனால் மனம் ஒட்டவில்லை. சபை நம்பச் சொன்ன சில கோட்பாடுகளை அவரால் நம்ப முடியவில்லை. நம்பாததை மேடையில் நின்று பேசவும் மனம் வரவில்லை. 1907இல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். சபை மேலிடம் விசாரித்துவிட்டு, இதெல்லாம் விலகுவதற்குப் போதுமான காரணம் இல்லை என்று கடிதத்தை ஏற்க மறுத்தது. அதோடு ஒரு புதுப் பொறுப்பையும் கொடுத்தது: வின்னிபெக் வடக்குப் பகுதியிலுள்ள 'அனைத்து மக்கள் ஊழிய மைய'த்தின் கண்காணிப்பாளர்.

அன்றைய வின்னிபெக்கை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். 1901இல் சுமார் 42 ஆயிரம் பேர் இருந்த ஊரில் 1911இல் ஒரு லட்சத்து 36 ஆயிரம் பேர். கோதுமை, ரயில், நில வியாபாரம் மூன்றும் சேர்ந்து ஊதிப் பெருக்கிய நகரம். ரயில்வே யார்டுக்குத் தெற்கே மாளிகைகள். வடக்கே உக்ரைனியர்கள், போலந்துக்காரர்கள், யூதர்கள், ஜெர்மானியர்கள். ஒரே அறையில் குடும்பமும் வாடகைக்குத் தங்குபவர்களும். குழாயும் கழிப்பிடமும் போதாத தெருக்களில் டைஃபாய்டும் குழந்தை மரணமும். உட்ஸ்வொர்த் மனைவி லூசியோடும் சிறு பிள்ளைகளோடும் அந்த வடக்குப் பகுதிக்கே குடிவந்தார்.

ஆறு ஆண்டுகள், 1913 வரை, அங்கே இருந்தார். மழலையர் வகுப்பு, ஆங்கில வகுப்பு, தாய்மார் சங்கம், நோயாளிகளை வீடு தேடிப் பார்க்கும் செவிலியர், ஞாயிற்றுக்கிழமைகளில் எவரும் வந்து கேட்கக்கூடிய 'மக்கள் மன்றம்' என்ற பேச்சும் இசையுமான கூட்டம். மதமாற்றக் கணக்கு காட்டும் ஊழியத்தை மெல்ல மெல்லச் சமூகப் பணியாக மாற்றிவிட்டார். கட்டாயக் கல்வி, சிறுவர் நீதிமன்றம், விளையாட்டு மைதானம் என்று நகராட்சியையும் மாகாண அரசையும் விடாமல் நச்சரித்தார். தர்மம் கொடுப்பதால் இது தீராது என்பது அவருக்கு அங்கேதான் புரிந்தது. ஒரு குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுக்கலாம். அந்தக் குழந்தையின் தகப்பனுக்குக் குடும்பம் நடத்தும் அளவுக்குக் கூலி ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் பதில் தேவாலயத்துக்கு வெளியேதான் கிடைக்கும். அந்தத் தகப்பனுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி தெற்கு வின்னிபெக்கின் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆண்டுகளில், 1909இல், குடியேறிகளைப் பற்றி உட்ஸ்வொர்த் ஒரு நூல் வெளியிட்டார். இனங்களை வரிசைப்படுத்தி, யார் கனடாவோடு கலக்கக்கூடியவர்கள், யார் முடியாதவர்கள் என்று தரம் பிரிக்கிற நூல் அது. பிரிட்டிஷாரும் ஸ்காண்டிநேவியர்களும் மேலே. சீனர், ஜப்பானியர், இந்தியர் கீழே. ஆசியர்கள் இந்தச் சமூகத்தில் கரையவே மாட்டார்கள் என்பது அதன் வாதம். 1916இல் அவர் நடத்திய அரசு ஆய்வு நிறுவனம் 'மனவளர்ச்சி குன்றியவர்கள்' பற்றி வெளியிட்டவற்றிலும் 'தரமான' மனிதர்களே பெருக வேண்டும் என்ற அக்காலத்து இனமேம்பாட்டுக் கொள்கையின் வாடை வீசுகிறது. 'அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்' என்று சிலர் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஏழைகளோடு குடியிருந்தவர், அவர்கள் முகம் தெரிந்தவர், அப்படி எழுதினார் என்பது வருத்தம் தருகிறது. அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதும் உண்மைதான். பிற்காலத்தில் அவருடைய கட்சி ஆசியர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற நிலையெடுத்தது. 1935 தேர்தலில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிபரல்கள் அதையே ஆயுதமாக்கி, இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டால் சீனருக்கும் ஜப்பானியருக்கும் உங்களுக்குச் சமமான ஓட்டு கிடைத்துவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். அந்த மாகாணத்தில் இந்தியர்களுக்கே 1947 வரை ஓட்டு இல்லை.

முதல் உலகப் போருக்கு வருகிறேன். அவர் வாழ்க்கையை இரண்டாக வெட்டியது அதுதான்.

1916இல் அவர் மூன்று புல்வெளி மாகாணங்களுக்கும் பொதுவான சமூக ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அரசு உத்தியோகம், ஆறு பிள்ளைகள். அந்த ஆண்டு இறுதியில் தேசிய சேவைக்கு ஆண்கள் எல்லாரும் பெயர் பதிய வேண்டும் என்று அரசு கேட்டது. கட்டாய ராணுவச் சேவைக்கான முதல் படி என்று எல்லாருக்கும் தெரியும். உட்ஸ்வொர்த் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். மனிதர்களைக் கட்டாயப்படுத்துவதற்கு முன்னால் சொத்துகளை ஏன் கட்டாயப்படுத்தவில்லை என்பது அதில் அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. 1917 ஜனவரியில் அந்த நிறுவனமே மூடப்பட்டது.

வேலை போனவர் மேற்குக் கடற்கரையில், வான்கூவருக்கு வடக்கே கிப்சன்ஸ் லேண்டிங் என்ற சிற்றூரின் சபைக்குப் போதகராகப் போனார். மீனவர்களும் மரம் வெட்டுபவர்களும் வாழ்ந்த ஊர். அங்கே கூட்டுறவுக் கடைக்குத் துணை நின்றார். உள்ளூர் வியாபாரிக்குப் பிடிக்கவில்லை. போரை ஆதரித்துப் பேச மறுத்தார். சபையில் சிலருக்குப் பிடிக்கவில்லை. மறு ஆண்டு அவரை அந்த ஊரில் வைத்திருக்கச் சபை மேலிடம் விரும்பவில்லை.

1918 ஜூனில் மறுபடியும் ராஜினாமாக் கடிதம் எழுதினார். ஆழ்ந்து படிக்க வேண்டிய கடிதம் அது. போர் என்பது நடப்பிலுள்ள பொருளாதார, அரசியல் ஒழுங்கின் தவிர்க்க முடியாத விளைவு; இயேசுவின் போதனையும் போர் ஆதரவும் ஒன்றாக நிற்கவே முடியாது; தேவாலயங்களோ ஆள்சேர்ப்பு நிலையங்களாகிவிட்டன; இந்த நிலையில் நான் எப்படிப் போதகராக இருப்பது? இதுதான் அதன் சாரம். விசுவாசத்தில் சந்தேகம் என்று எழுதியபோது ராஜினாமாவை ஏற்காத சபை, போர் வேண்டாம் என்று எழுதியபோது ஏற்றுக்கொண்டது. கோட்பாட்டை மறுப்பவனுக்குக்கூட இடம் கொடுத்த அமைப்பு, கொடியை மறுப்பவனுக்குக் கொடுக்கவில்லை. அவர் வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது இந்த ஒரு விஷயம்தான்.

நாற்பத்து நான்கு வயது. ஒல்லியான உடம்பு. ஆக்ஸ்ஃபோர்டு படிப்பு. வான்கூவர் துறைமுகத்தில் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கூலி வேலைக்குப் போனார். தொழிற்சங்கத்தில் உறுப்பினரானார். வேலை கிடைத்த நாளுக்குக் கூலி, கிடைக்காத நாளுக்கு வெறுங்கை. தொழிலாளர்களைப் பற்றிப் பத்து ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்தவர், இப்போது காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் வரிசையில் தானும் நின்றார். போர் நேரத்தில் ராணுவச் சரக்கை ஏற்றவும் மறுத்திருக்கிறார். அப்படி மறுத்த நாள் வீட்டுக்குக் காசு இல்லை.

1919 மே 15. வின்னிபெக் நின்றது. கட்டடத் தொழிலாளர்களும் உலோகப் பட்டறைத் தொழிலாளர்களும் கூலி உயர்வும், தொழிற்சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் உரிமையும் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரம் முழுவதும் பரவியது. சுமார் முப்பதாயிரம் பேர் வெளியே வந்தார்கள். அன்று காலை முதலில் வேலையை விட்டவர்கள் தொலைபேசி இணைப்பகப் பெண்கள். வேலைநிறுத்தப் பத்திரிகையை நடத்திய வில்லியம் ஐவன்ஸும் உட்ஸ்வொர்த்தைப் போலவே போரை எதிர்த்ததால் சபையை இழந்த மெதடிஸ்ட் போதகர்; தொழிலாளர்களுக்காகத் தனியே 'தொழிலாளர் தேவாலயம்' தொடங்கியவர். ஜூன் தொடக்கத்தில் உட்ஸ்வொர்த் பேச்சுப் பயணமாக வின்னிபெக் வந்து சேர்ந்தார்.

அரசு பயந்துபோயிருந்தது. ரஷ்யப் புரட்சி வின்னிபெக்குக்கு வந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. பிரிட்டனில் பிறந்தவர்களையும் விசாரணையில்லாமல் நாடு கடத்த வழிசெய்யும் குடியேற்றச் சட்டத் திருத்தம் ஒரு மணி நேரத்துக்குள் நாடாளுமன்றத்தின் எல்லாப் படிகளையும் தாண்டியது. ஜூன் 17 அன்று தலைவர்கள் கைது. ஐவன்ஸும் உள்ளே. பத்திரிகையை நடத்தும் பொறுப்பை உட்ஸ்வொர்த் எடுத்துக்கொண்டார். மாகாண சட்டமன்ற உறுப்பினர் ஃபிரெட் டிக்சன் கூட நின்றார். ஜூன் 21 சனிக்கிழமை, ஊர்வலத்தின்மீது குதிரைப்படைப் போலீஸ் சுட்டதில் இருவர் உயிரிழந்தார்கள். கனடாத் தொழிலாளர் வரலாற்றில் 'இரத்தச் சனிக்கிழமை' என்று இன்றும் அந்த நாளைச் சொல்கிறார்கள். இரண்டு நாள் கழித்து உட்ஸ்வொர்த் கைது செய்யப்பட்டார்.

குற்றச்சாட்டு, அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டும் எழுத்து. குற்றப்பத்திரிகையில் அவர் எழுதிய தலையங்கங்களோடு, பத்திரிகையில் எடுத்துப் போட்டிருந்த, பைபிளின் ஏசாயா தீர்க்கதரிசியின் வசனங்களும் இடம்பெற்றன. ஒன்று, ஏழைகளின் நியாயத்தைப் புரட்டி விதவைகளைச் சூறையாட அநியாயச் சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஐயோ என்று சொல்லும் பத்தாம் அதிகாரம். மற்றொன்று, வீட்டைக் கட்டுகிறவர்களே அதில் குடியிருப்பார்கள், தோட்டம் போடுகிறவர்களே அதன் கனியைப் புசிப்பார்கள் என்ற அறுபத்தைந்தாம் அதிகாரம். ஞாயிறுதோறும் நாட்டின் எல்லாத் தேவாலயங்களிலும் திறந்து படிக்கிற புத்தகம், வேலைநிறுத்தப் பத்திரிகையில் அச்சானதும் ராஜத்துரோகமாகிவிட்டது. டிக்சன் தன் வழக்கில் தானே வாதாடி விடுதலையானார். அதன்பிறகு உட்ஸ்வொர்த்மீதான வழக்கை அரசு நடத்தவேயில்லை. கைவிட்டுவிட்டது.

வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் அதன் பலன் வேறு வழியில் வந்தது. 1921 டிசம்பர் தேர்தலில் வின்னிபெக் மையத் தொகுதி அவரை ஒட்டாவாவிலுள்ள நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. சொத்துரிமைக்கு முன்னால் மனிதத் தேவை என்பது அவருடைய முழக்கம். இறக்கும் வரை அந்த மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவையில் தொழிலாளர் தரப்புக்கு இரண்டே பேர். கல்கரியிலிருந்து வந்த இன்னொருவரான வில்லியம் இர்வைனும் முன்பு போதகர்தான். எழுந்து நின்று, "மையத் தொகுதி உறுப்பினர் எங்கள் குழுவின் தலைவர், குழு நான்தான்" என்று அவர் தங்களை அறிமுகம் செய்துகொண்டது கனடா நாடாளுமன்றத்தில் இன்றும் திரும்பச் சொல்லப்படுகிறது.

இரண்டு பேரால் என்ன செய்ய முடியும்? 1925 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. பிரதமர் மெக்கன்சி கிங்கின் லிபரல்களைவிடக் கன்சர்வேடிவ்களுக்கு இடங்கள் அதிகம். ஆனாலும் கிங் சிறு குழுக்களின் ஆதரவில் ஆட்சியைத் தொடர முயன்றார். இப்போது உட்ஸ்வொர்த்தோடு ஏ. ஏ. ஹீப்ஸ் இருந்தார், வின்னிபெக் வேலைநிறுத்தத்தில் கைதாகி விடுதலையானவர். 1926 ஜனவரியில் இருவரும் இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் ஒரே மாதிரிக் கடிதம் அனுப்பினார்கள்: வேலையில்லாதவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தக் கூட்டத்தொடரில் என்ன செய்யப்போகிறீர்கள்? கிங் இறங்கி வந்தார். விருந்துக்கு அழைத்தார், அமைச்சர் பதவியும் தருவதாகச் சொன்னார். உட்ஸ்வொர்த் பதவி வேண்டாம் என்றார். ஓய்வூதியச் சட்டம் கொண்டுவருவோம் என்று எழுத்தில் கேட்டு வாங்கினார். அந்தக் கடிதத்தை அவையிலேயே வாசித்துப் பதிவு செய்துவிட்டார். பிறகு கிங் நழுவ முடியவில்லை.

1926இல் மசோதாவை நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் தோற்கடித்தது. அதே ஆண்டு மறுதேர்தல் வந்து கிங் வென்றபின் 1927இல் சட்டமானது. எழுபது வயதானவர்களுக்கு மாதம் அதிகபட்சம் 20 டாலர், அதுவும் வருமானச் சோதனைக்கு உட்பட்டு, பாதிச் செலவை மாகாணம் ஏற்றால் மட்டும். கியூபெக் சேர 1936 ஆயிற்று. சட்டப்படி பதிவான பூர்வகுடி மக்களுக்கு அது கிடையாது. குறை நிறைந்த சட்டம்தான். ஆனால் முதுமையில் சோறு என்பது பிள்ளைகளின் தயவோ தேவாலயத்தின் தர்மமோ இல்லை, குடிமக்களின் உரிமை என்று அந்த நாடு முதன்முதலாக எழுத்தில் ஒப்புக்கொண்டது அப்போதுதான். 1952 முதல் எழுபது வயதான அனைவருக்கும் வருமானச் சோதனை இல்லாமல் வந்த முதியோர் பாதுகாப்புத் தொகைக்கும் அதுவே அடித்தளம். டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மாதாமாதம் அந்தத் தொகையைப் பெறும் நம் தாத்தா பாட்டிமாரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

அவையில் அவர் செய்த மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேப் பிரெட்டன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் பட்டினியை மீண்டும் மீண்டும் எழுப்பினார். வேலைநிறுத்த பீதியில் குற்றவியல் சட்டத்தில் நுழைத்த, 'சட்டவிரோத' அமைப்பில் உறுப்பினராக இருப்பதையே குற்றமாக்கிய 98ஆம் பிரிவை நீக்க ஆண்டுக்கணக்கில் போராடினார். அது 1936இல் நீங்கியது. அந்தப் பிரிவில் அதிகம் சிக்கியவர்கள் கம்யூனிஸ்டுகள். அவர்கள் கூட்டங்களில் உட்ஸ்வொர்த்தைத் துரோகி என்று தூற்றியவர்கள். அவருக்கும் அவர்கள் வழி பிடிக்காது. இருந்தாலும் அவர்களுடைய பேச்சுரிமைக்காக அவையில் வாதாடியவர் இவர்தான். பிடிக்காதவனின் உரிமைக்குப் பேசுவதுதான் உரிமையைப் பற்றிய உண்மையான நம்பிக்கை என்று நினைக்கிறேன்.

1932இல் பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே கல்கரியில் விவசாயிகளும் தொழிலாளர்களும் அறிவுஜீவிகளும் கூடி 'கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பு' என்ற கட்சியைத் தொடங்கினார்கள், சுருக்கமாக சி.சி.எஃப். தலைவராக உட்ஸ்வொர்த்தைத் தவிர வேறு யாரையும் அவர்களால் யோசிக்க முடியவில்லை. மறு ஆண்டு ரெஜைனாவில் கொள்கை அறிக்கை வந்தது. 1935 தேர்தலில் ஏழு இடங்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் டாமி டக்ளஸ் என்ற இளம் பாப்டிஸ்ட் போதகர்.

இனி 1939. செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்தது. கனடா தன் முடிவைத் தானே எடுக்க நாடாளுமன்றம் அவசரமாகக் கூடியது. அதே நாட்களில் சி.சி.எஃப். தேசியக் குழுவும் ஒட்டாவாவில் கூடி விவாதித்தது. பெரும்பான்மையோர், படை அனுப்ப வேண்டாம், பொருளுதவியோடு நிற்கலாம் என்ற நடுநிலைப் பாதையைத் தேர்ந்தார்கள். உட்ஸ்வொர்த் தன்னால் அதை ஏற்க முடியாது என்று சொல்லித் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக முன்வந்தார். குழுவில் பலர் கண்ணீர் விட்டார்கள் என்று அங்கிருந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். கட்சியின் நிலையை அதன் இன்னொரு நாடாளுமன்ற உறுப்பினரான கோல்ட்வெல் அவையில் பேசுவது, உட்ஸ்வொர்த் தன் மனச்சாட்சிப்படி தனக்காக மட்டும் பேசுவது என்று முடிவானது.

செப்டம்பர் 8 அன்று பேச எழுந்தார். வயது அறுபத்தைந்து. அதற்கு முன்பே உடல்நிலை குலைந்து, குறிப்பைப் பார்த்துப் படிக்கச் சிரமப்பட்டார். லூசி தடித்த எழுத்தில் சில சொற்களை அட்டைகளில் எழுதிக் கொடுத்திருந்தார். கட்சியின் நிலையோடு உடன்பட்டிருந்த டாமி டக்ளஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் கொடுத்தார். கருத்தில் மாறுபட்டவர் செய்த இந்த உதவியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

அந்தப் பேச்சில் அவர் ஹிட்லருக்குச் சாக்குச் சொல்லவில்லை. இப்படியெல்லாம் ஒரு கனடிய நாடாளுமன்றத்தில் பேச முடிகிறதே, ஜெர்மனியில் முடியாதே என்று அவரே சொன்னார். அந்தச் சுதந்திரத்தைக் காப்பாற்ற முரட்டு பலம் உதவாது, மக்களிடம் இன்னும் மிச்சமிருக்கும் அறவலிமையைத்தான் எழுப்ப வேண்டும் என்பது அவர் வாதம். பிறகு தன் மகன்களைப் பற்றிச் சொன்னார். அவர்களில் ஒருவன் கோழைத்தனத்தால் இல்லாமல் நம்பிக்கையால் போரை மறுத்து, அதற்காக வதைமுகாமையோ துப்பாக்கிக் குண்டையோ சந்திக்க நேர்ந்தால், அவன் பட்டாளத்தில் சேர்வதைவிட அதில்தான் எனக்குப் பெருமை என்றார். 'வெட்கம்' என்று குரல் எழுந்தது.

ஒன்றைத் திருத்தமாகச் சொல்ல வேண்டும். 'ஒரே ஒருவர் எதிர்த்து வாக்களித்தார்' என்று எங்கும் எழுதுகிறார்கள். பெயர்வாரியான வாக்கெடுப்பு நடக்கவில்லை. கியூபெக் உறுப்பினர்கள் சிலரும் வேறு காரணங்களுக்காகப் போரில் நுழைவதை எதிர்த்துப் பேசினார்கள். எந்தப் போரும் கூடாது என்ற நிலையிலிருந்து எழுந்து நின்றவர் இவர் ஒருவர்தான். அந்த விவாதத்திலேயே பிரதமர் கிங், உலகம் என்ன நினைத்தாலும் தன் மனச்சாட்சியைச் சொல்லும் துணிவுள்ள இத்தகைய மனிதர் எந்த நாடாளுமன்றத்துக்கும் அணிகலன் என்று பாராட்டினார். செப்டம்பர் 10 அன்று கனடா போரில் இறங்கியது.

அவர் சரியா தவறா? என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். நாஜி ஆட்சி எத்தகையது என்பதை அவர் முழுதாக அளந்திருக்கவில்லை. 1914இல் பேரரசுகள் சந்தைக்காகவும் நிலத்துக்காகவும் மோதின என்ற அவருடைய விளக்கம் அந்தப் போருக்குப் பொருந்தியது. 1939க்கு அதே அளவுகோலை நீட்டியது பொருந்தவில்லை. யூதர்களுக்கு நடந்துகொண்டிருந்த கொடுமைக்கு 'அறவலிமையை எழுப்புவோம்' என்பது விடையாகவில்லை. ஆனால் அவரை நோக்கிக் கூச்சலிட்ட நாடாளுமன்றத்தின் கையும் சுத்தமாக இருக்கவில்லை. அதே 1939 ஜூனில் 'செயின்ட் லூயிஸ்' கப்பலில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூத அகதிகள் புகலிடம் தேடி வந்தபோது கனடா கதவைத் திறக்கவில்லை. அகதிகளை உள்ளே விடுங்கள் என்று பல ஆண்டுகளாகக் கெஞ்சியவர் உட்ஸ்வொர்த்தின் தோழர் ஹீப்ஸ். யூதர்களைக் காப்பாற்றக் குண்டு வேண்டும் என்றவர்கள், வெறும் விசாவால் காப்பாற்றியிருக்கக்கூடியவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். போரை மறுப்பவர் கொடுமைக்கு முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதைப் பிரான்ஸின் லெ ஷாம்போன் ஊரில் புராட்டஸ்டன்ட் போதகர் ஆந்த்ரே த்ரோக்மே காட்டினார். ஆயுதம் தொடாத அவரும் ஊராரும் நாஜிகளிடமிருந்து யூதர்களை ஒளித்து வைத்துக் காத்தார்கள். கடலுக்கு அப்பால் இருந்த உட்ஸ்வொர்த்திடம் அத்தகைய ஒரு செயல்திட்டம் இல்லை. அவருடைய நிலையின் பலவீனம் அதுதான்.

ஆனாலும் நான் அவரை மதிக்கிறேன். முடிவு சரியாக இருந்தது என்பதற்காக இல்லை. அந்த முடிவு எங்கிருந்து வந்தது என்பதற்காக. கிழக்கு லண்டனிலும் வடக்கு வின்னிபெக்கிலும் அவர் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: ஏழையின் உடம்பைப் பிறர் தம் தேவைக்குச் செலவழிக்கிறார்கள். பட்டறையில் செலவாகும் உடம்புதான் பதுங்குகுழியிலும் செலவாகிறது. வயதானபின் அதே உடம்புக்கு மாதம் 20 டாலர் கொடுக்கத்தான் ஆட்சியாளர்களின் கை நடுங்கியது. இந்த ஒரே பார்வையிலிருந்துதான் ஓய்வூதியமும் வந்தது, போர் மறுப்பும் வந்தது. அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். 1917இல் உத்தியோகம், 1918இல் சபை; 1939இல் கட்சித் தலைமையையும் விட்டுவிட முன்வந்தார். ஒரு தடவைகூடத் தன் நிலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிறரைக் கேடயமாக்கவில்லை. தன் பேச்சு கட்சியைக் கட்டுப்படுத்தாது என்று முன்கூட்டியே அவையில் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

1940 மார்ச் தேர்தலில் வின்னிபெக் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. இம்முறை நூறு வாக்குகளை ஒட்டிய வித்தியாசம்தான். சில வாரங்களில் பக்கவாதம் தாக்கியது. 1942 மார்ச் 21 அன்று வான்கூவரில் இறந்தார். மகள் கிரேஸ் மெக்கின்னிஸ் பிறகு தானும் நாடாளுமன்ற உறுப்பினரானார். காலியான தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் இன்னொரு போதகர், ஸ்டான்லி நோல்ஸ்; ஓர் இடைவெளி போக 1984 வரை அந்த மக்களின் பிரதிநிதியாக இருந்து, ஓய்வூதிய உயர்வுக்காகவே பெயர் பெற்றார். பக்கத்தில் உட்கார்ந்து அட்டை எடுத்துக் கொடுத்த டாமி டக்ளஸ் 1944இல் சஸ்காச்சுவான் மாகாண முதல்வரானார். அவர் தொடங்கிவைத்த பொது மருத்துவக் காப்பீடு 1962இல் அந்த மாகாணத்தில் நடைமுறைக்கு வந்து, பின்னர் நாடு முழுவதும் பரவியது. சி.சி.எஃப். 1961இல் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு சேர்ந்து புதிய ஜனநாயகக் கட்சியாக மாறியது. ஸ்கார்பரோவில் 2011இல் வென்று கனடா நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் தமிழர் ராதிகா சிற்சபைஈசன் அந்தக் கட்சியின் வேட்பாளர்தான்.